நான் அடைத்த துளைகள்

1

காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை ஜன்னல் துடைப்பது. பல் விளக்குவதுகூட அதற்குப் பிறகுதான். பழைய துண்டு ஒன்றை நான்காக மடித்துக்கொண்டு எங்கள் படுக்கையறையில் ஆரம்பிப்பேன். அடுத்து மகள் ஜெனியின் அறை, பிறகு கீழே கூடம், கடைசியில் சமையலறை. கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். சில்லென்ற தண்ணீரை ஊற்றிவைத்த செம்புக்கு வெளியே வேர்க்குமே, அப்படி. துண்டைப் பிழிந்தால் முக்கால் டம்ளர் தேறும்.

அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததல்ல. நாங்கள் மூன்று பேரும் தூங்கும்போது விட்ட மூச்சு, முந்தின நாள் வடித்த சோறு, குளித்த வெந்நீர் எல்லாம் சேர்ந்து குளிர்ந்த கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிவதற்கு மூன்று குளிர்காலம் பிடித்தது.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இந்த வாரத்தோடு மூன்று வருடம். என் மனைவி எஸ்தர் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் வந்தோம். நானும் ஜெனியும் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். "மூணு வருசம் ஆச்சே, கேக் வாங்குவமா?" என்று நேற்று எஸ்தர் கேட்டாள். வாங்கலாம் என்றேன். சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். ஐந்து நிமிடம் கழித்துச் சாத்தினேன். மறுபடி திறந்தேன். "ஒரு எடத்துல உக்காரவே மாட்டீகளா?" என்றாள். உட்கார்ந்தேன். ஆனால் மூன்று வருடத்தில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், இந்த வீட்டின் ஈரத்தோடு மல்லுக்கு நின்றேன் என்பதைத் தவிர வேறு பதில் எனக்கு வரவில்லை. அதில் என் மகளிடம் தோற்ற கதையும் இருக்கிறது. அதை எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்குவேனோ என்று பார்க்கிறேன்.

2

சொந்த ஊர் சாத்தூர். அங்கிருந்து தினமும் பஸ் ஏறி சிவகாசிக்குப் போய், ஒரு காலண்டர் அச்சகத்தில் பதினாறு வருடம் ஆப்செட் மெஷின் ஓட்டினேன். ஆடியில் மாதிரிக் காலண்டர்களைத் தொகுத்த ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர் விழ ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சீசன் உச்சத்தில் இருக்கும். எங்கள் பக்கம் வருடம் முழுக்க வானம் பார்த்துக் கிடந்துவிட்டு, மழை பெய்வதும் அதே இரண்டு மாதத்தில்தான்.

காகிதம் ஈரக் காற்றைக் குடிக்கும். குடித்தால் தாளின் ஓரம் அலையடிக்கும். அந்தத் தாளை மெஷினில் விட்டால் நான்கு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. முருகனின் உதடு ஒரு பக்கம் இருக்கும், உதட்டின் சிவப்பு ஒரு பக்கம் இருக்கும். அந்த லோடு தாள் முழுக்க வீண். அதனால் மேகம் கருத்ததுமே போர்மேன் கத்துவார்: "கதவச் சாத்துங்கலே, பேப்பர் ஈரத்த இளுக்குது." ஓடிப்போய்ச் சாத்துவோம். தாள் அடுக்குகளை பாலித்தீன் போட்டு மூடுவோம். சுவரில் ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று தொங்கும். மணிக்கொரு தரம் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. நான் பார்த்த மெஷினில் ஈரத்தால் தாள் வீணானது இரண்டே தடவை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஆக, ஈரம் வெளியிலிருந்து வருவது, சாத்தினால் வராது என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். பதினாறு வருடம் கையில் ஊறிய பாடம்.

3

இங்கே எங்களுக்குக் கிடைத்தது வரிசை வீடுகளில் கடைசி வீடு. செங்கல் கட்டடம், கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கடைசி வீடு என்பதால் ஒரு பக்கச் சுவர் மழையிலும் காற்றிலும் நேராக நிற்கும். அந்தச் சுவரை ஒட்டிய அறை ஜெனிக்கு. அப்போது அவளுக்குப் பத்து வயது.

ஒவ்வோர் அறையிலும் சுவரின் மேல்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சல்லடை போட்ட ஒரு துளை இருந்தது. மொத்தம் நான்கு. காற்றுப் போக வர வைத்தது. வாடகைக்கு விட்ட ஏஜென்சிக்காரர் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அதைப் பற்றியும் ஏதோ சொன்னார். அவர் பேசிய வேகத்தில் எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்காத பாதிக்கும் தலையாட்டினேன்.

முதல் குளிர்காலத்திலேயே நான்கையும் அடைத்துவிட்டேன். ஊதக்காற்று கத்தி மாதிரி உள்ளே வந்தது. கெட்டி அட்டையை அளவெடுத்து வெட்டி, ஓரத்தில் டேப் ஒட்டி, மேலே சுவரின் நிறத்திலேயே இரண்டு கை பெயிண்ட் அடித்தேன். அச்சகத்துக் கை. அங்கே ஒரு துளை இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எஸ்தருக்குக் கூடத்தில் அடைத்தது மட்டும் தெரியும். மற்றதை அவளிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றெல்லாம் இல்லை. அப்போது அது சொல்லவேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. முதலில் ஜெனியின் அறையில், வெளிச்சுவரும் கூரையும் சேரும் மூலையில் கடுகு சிந்தினாற்போல நாலைந்து. பத்து நாளில் கை அகலம். பிறகு எங்கள் அலமாரிக்குப் பின்னால். ஊரிலிருந்து கொண்டுவந்த என் தோல் செருப்பில் பச்சையாகப் பூத்தது. துடைத்தேன், பிளீச்சிங் போட்டேன், பெயிண்ட் அடித்தேன். பெயிண்டுக்குள்ளிருந்து மறுபடி எட்டிப் பார்த்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்தபோது ஜெனி இரும ஆரம்பித்திருந்தாள்.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன். பூஞ்சைக்கு இங்கே மோல்டு என்பார்கள். நான் மூன்று தரம் சொன்னேன். புரிந்தது என்றார்கள், ஒரு நம்பர் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒருவர் கூண்டும் கையுறையுமாக வந்து, "தோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் சொன்ன மோல்டு அவர்கள் காதில் மோல் என்று விழுந்திருக்கிறது. மோல் என்றால் மண்ணுக்குள் வளை தோண்டுகிற, எலி மாதிரியான ஒரு பிராணி. எங்களுக்குத் தோட்டமே கிடையாது என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் போனபிறகு ஜெனி சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, அடுத்த தடவை கம்ப்யூட்டரில் எழுதித்தான் போடவேண்டும் என்று முடிவு செய்தேன்.

4

எழுதிப்போட்டு மூன்றாவது வாரம் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் டேப்லெட், சுவரில் வைத்தால் கீச்சென்று கத்துகிற ஒரு கருவி. காலை பதினொரு மணி. எஸ்தர் டியூட்டிக்குப் போயிருந்தாள். எனக்கு ரொட்டிக் கம்பெனியில் மத்தியான ஷிப்டு. ஜெனி இருமல் காரணமாகப் பள்ளிக்குப் போகவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் வரிசையாகக் கேள்வி கேட்டார். துணியை வீட்டுக்குள் காயப்போடுவீர்களா? சமைக்கும்போது ஜன்னலைத் திறப்பீர்களா? குளியலறை விசிறியைப் போடுவீர்களா? எல்லாவற்றுக்கும் ஏதோ பதில் சொன்னேன். கடைசியாக, "காற்றுத் துளைகள் திறந்திருக்கின்றனவா?" என்று கேட்டார்.

"எல்லாம் திறந்திருக்கிறது" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அதிகாரி ஒருவர் கையில் எழுதுபலகையோடு நின்று கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வது, பாக்டரி இன்ஸ்பெக்ஷன் பார்த்துப் பார்த்து நாக்கில் படிந்துபோனது.

படியிலிருந்து ஜெனி ஆங்கிலத்தில் சொன்னாள்: "இல்லை டாட். நீங்கள் அதையெல்லாம் மூடிவிட்டீர்கள். ஞாபகம் இல்லையா?"

இறங்கிவந்து விரலை நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் நாற்காலி போட்டு ஏறினார். நகத்தால் சுவரைச் சுரண்டினார். நான் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டிய அட்டை ஓரத்தில் பிரிந்து வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. டேப்லெட்டில் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். "நன்றி, இது உதவியாக இருக்கும்" என்று ஜெனியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

"ஏன் சொன்ன?"

"அவங்க கேட்டாங்கப்பா."

"என்னயத்தான கேட்டாங்க?"

அவள் போர்வையை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அடைத்ததைக் காட்டிக் கொடுத்ததைவிட, அந்நியர் முன்னால் என்னை டாட் என்று கூப்பிட்டதுதான் அன்றைக்கு எனக்கு அதிகமாக வலித்தது. அதுவரை வீட்டுக்குள் நான் அப்பா. ஒரே வார்த்தையில் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள் என்று பட்டது.

5

அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. சுவரில் கசிவு இல்லை. உள்ளே உண்டாகும் ஈரம்தான். குடியிருப்பவர்களின் வாழ்க்கைமுறை காரணம். கீழே ஒரு பக்கத்துக்குப் புத்திமதி. பாத்திரத்தை மூடிச் சமைக்கவும், துணியை உள்ளே உலர்த்தவேண்டாம், சாமான்களைச் சுவரை ஒட்டி வைக்கவேண்டாம், காற்றுத் துளைகளை அடைக்கவேண்டாம். கடைசியில், உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.

எஸ்தர் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் நின்றபடி அதைப் படித்தாள். "மூச்சு விடாதீகன்னு மட்டுந்தான் எழுதல" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. போட்டோக்களைக் கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள்.

"இது ஜெனி ரூம்தான?"

"ம்."

"பிள்ளை ரூமையுமா அடைச்சீக?"

நான் குனிந்து அவள் பையை எடுத்து நாற்காலியில் வைத்தேன்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நான் தெனமும் வார்டுல மூச்சுக்கு இளுத்துக்கிட்டுக் கெடக்கிற பிள்ளைகளப் பாத்துட்டுத்தான வாரேன்? அம்புட்டு பேருகிட்டயும் வீட்டுல காத்தோட்டம் எப்படின்னு நாந்தான கேக்குறேன்?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். யூனிபாரத்தைக் கழற்றப் போய்விட்டாள்.

முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் ஜெனி காலையில் என்னிடம் வந்து, "அப்பா, தலைக்கு மேல காத்து ஊதுது, தூங்கவே முடியல" என்றாள். உதடு வெளுத்திருந்தது. அன்றைக்கு ஷிப்டுக்குப் போகுமுன்பே அட்டையை வெட்டி அடைத்தேன். மற்ற மூன்றையும் அதற்குப் பிறகுதான் அடைத்தேன். இதை எஸ்தரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதே பிள்ளை மேலே இருமிக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் ஜெனியிடம் பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து வைப்பேன், தட்டை எடுப்பேன், அவ்வளவுதான். அவளும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு ஒரு தகப்பன் மல்லுக்கட்டுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தேதான் செய்தேன். வேலை செய்யும்போது கை ரொட்டியை அடுக்கும். மனசு அந்தப் படிக்கட்டிலேயே நிற்கும்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாரணாபுரத்திலிருந்து என் அக்கா ரெஜினா வீடியோவில் கூப்பிட்டாள். பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்பு பாக்கெட் போடுகிறவள். வாரம் ஒருமுறை பேசுவாள். நான் எப்போதும் கூடத்தில் நல்ல சுவர்ப் பக்கமாக உட்கார்ந்துதான் பேசுவேன். அன்றைக்கு அந்த ஜாக்கிரதை இல்லாமல் படுக்கையறையில் இருந்து எடுத்துவிட்டேன்.

"ஏலே தேவா, பின்னாடி சொவத்துல என்னலே கருப்பா?"

பெயிண்ட் டிசைன் என்று சொல்ல வாய் திறந்தேன். களைத்துப்போயிருந்தது. "பூசணம்க்கா. வீடு பூராவும் ஈரம்" என்றேன்.

"மள ஒளுகுதா?"

"மள இல்ல. நாம விடுற மூச்சே சொவத்துல தண்ணியா நிக்கிது."

"இங்கன மூணு வேளையும் தண்ணி லாரியப் பாத்துக்கிட்டு இருக்கோம். அங்கன சொவத்துலயே தண்ணியா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, "ஜெனிக்கு இன்னும் இருமல் நிக்கலயா? போன வாரமும் இருமுனாளே" என்றாள்.

"அந்தப் பூசணத்தாலதான்னு எஸ்தர் சொல்லுதா. நாந்தான் காத்துப் போற வளிய அடைச்சுட்டேன்."

"அடைச்சா தொறந்துர வேண்டியதுதானல. அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க?"

பட்டாசுக் கம்பெனியில் தன் ஷிப்டை மாற்றிய கதை வேறு அவளுக்குச் சொல்ல இருந்தது. சொல்லி முடித்துப் போனை வைத்துவிட்டாள். நான் எழுந்து சமையலறையிலிருந்து கத்தியை எடுத்துவந்தேன்.

6

நான்கு அட்டையையும் பிய்த்தேன். ஜெனியின் அறையில் அவள் படுக்கையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலி போட்டு ஏறிப் பிய்ப்பதைப் பார்த்தாள். துளைக்குள் மூன்று கம்பளிப் பூச்சி மாதிரித் தூசி திரண்டிருந்தது. அதை எடுத்ததும் வெளிக்காற்று சில்லென்று என் முகத்தில் அடித்தது. "உன் கட்டில அந்தப் பக்கம் திருப்பிப் போடுவோம்" என்றேன். ஐந்து நாளில் நான் அவளிடம் சொன்ன முதல் வாக்கியம். அவள் எழுந்து ஒரு பக்கம் பிடித்தாள்.

அதன்பிறகு ஒரு வெறி பிடித்தது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று நோட்டில் எழுதினேன். இன்று மழையா இல்லையா, என்ன சமைத்தோம், எத்தனை நேரம் ஜன்னல் திறந்திருந்தது, எல்லாம். ஈரத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போனேன். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினேன். எஸ்தர் குக்கரை வைத்தால் நான் ஜன்னலைத் திறப்பேன். அவள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தாளித்தாள். "அச்சாபீசுல இருந்தப்பகூட இம்புட்டு எழுதியிருக்க மாட்டீக" என்றாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஒரு மாதத்தில் கூடம் காய்ந்தது. எங்கள் அறை காய்ந்தது. சமையலறை முக்கால்வாசி பரவாயில்லை. ஜெனியின் அறையில் அந்த மேல் மூலை மட்டும் காயவில்லை. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் நாங்கள் சமைத்தால் ஏறி, ஜன்னலைத் திறந்தால் இறங்கியது. அந்த மூலை எதற்கும் மசியவில்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் பெரிதாகியது. மழை இல்லாத ஒன்பது நாளில் ஓரம் வெளுத்தது. பத்தாம் நாள் கொட்டித் தீர்த்ததும் மறுபடி கறுத்தது.

அந்த மூலையின் ஈரம் எங்கள் மூச்சு இல்லை. வெளியிலிருந்து வருவது. எனக்குத் தெரிந்த ஈரம்.

7

முடித்துவைத்த புகாரைத் திறக்கவேண்டுமென்றால் கடிதம் எழுதவேண்டும் என்றார்கள். என் ஆங்கிலம் அந்தக் கடிதத்துக்குத் தாங்காது. எஸ்தர் தொடர்ந்து நான்கு நாள் டியூட்டியில் இருந்தாள். ஒரு சனிக்கிழமை ஜெனியின் அறை வாசலில் போய் நின்றேன்.

"ஒரு லெட்டர் சரி பாத்துத் தரியா?"

லேப்டாப்பை வாங்கிப் படித்தாள். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு டீச்சர் மாதிரிப் படித்தாள். இரண்டு மூன்று இடம் திருத்தினாள். பிறகு ஒரு வாக்கியத்தில் விரலை வைத்தாள். காற்றுத் துளைகள் முன்பு மூடப்பட்டிருந்தன, இப்போது திறக்கப்பட்டுவிட்டன என்று எழுதியிருந்தேன். கஷ்டப்பட்டு எழுதிய வாக்கியம்.

"யாரு மூடுனதுன்னு இல்லையேப்பா."

"அதான் போட்டோவுல இருக்குல்ல. அவங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சாலும் எழுதணும். இல்லாட்டி அதுவாவே மூடிக்கிட்ட மாதிரி இருக்கு."

அவள் குரலில் குத்தல் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு படியைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். திரும்பிவந்தேன். ஊரிலிருந்த வரைக்கும் எந்த அதிகாரிக்கும், தப்பு என்னுடையது என்று நான் எழுதிக்கொடுத்ததில்லை. எழுதினால் அதை வைத்தே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டால்? எஸ்தர் இந்த ஊரில் வேலை பார்க்கும்வரை எங்களுக்கு இந்த வீடு வேண்டும். இன்னொரு வீடு தேட என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

"சரி. நான் மூடினேன்னு போடு."

போட்டாள். அன்றைக்குக் கேட்டபோது திறந்திருப்பதாகச் சொன்னது தவறு என்றும் போடச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதையும் போட்டாள். நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்துச் சேர்த்தாள். "நான் மூடியதால் வந்த ஈரம் காய்ந்துவிட்டது, இந்த மூலை மட்டும் மழையோடு ஏறி இறங்குகிறது, வந்து பாருங்கள்" என்று முடித்தோம். எனக்கு அதைத் திரும்பப் படிக்கத் தெம்பில்லை. "நீயே அனுப்பிரு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவந்தேன்.

8

இந்த முறை வந்தவர் வயதானவர். பழைய வேனின் மேல் ஏணி கட்டிக்கொண்டு வந்தார். என் கடிதத்தைத் தாளில் அச்செடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நேராக ஜெனியின் அறைக்குப் போனார். கருவியை எடுக்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். காகித அடுக்கில் கை வைத்துப் பார்க்கும் எங்கள் ஆட்கள் மாதிரியே இருந்தது.

பிறகு வெளியே போய் ஏணியைச் சாய்த்து ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். கூரைத் தண்ணீர் வழிந்தோடும் பீலி அந்த மூலையில் இணைப்பு விட்டிருந்தது. உள்ளே பாசியும் இலையும் அடைத்திருந்தன. கூரையில் விழுந்த மழையில் பாதி சுவருக்குள்தான் இறங்கியிருக்கிறது. பாசியை ஒரு கை அள்ளி எனக்குக் காட்டினார். "இது பல வருடத்து வேலை" என்றார். நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே என்று அர்த்தம்.

கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தார். "இந்த வேலையில் நிறையக் கடிதம் பார்த்திருக்கிறேன். நான்தான் மூடினேன் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை" என்றார். "என் மகள் திருத்திக் கொடுத்தாள்" என்றேன்.

"கடைசி வரியும் அவளுடையதா?"

எந்தக் கடைசி வரி என்று எனக்குத் தெரியவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். நான் சொல்லிமுடித்த வாக்கியத்துக்கும் என் பெயருக்கும் நடுவில், நான் சொல்லாத ஒரு வரி இருந்தது. எளிய ஆங்கிலம், எனக்கே அகராதி தேவைப்படவில்லை: என் அறையில் எனக்குக் குளிர்ந்தது என்று நான் சொன்னதால்தான் அப்பா அதை மூடினார்.

அவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்க் கெட்டிலைப் போட்டேன்.

9

பீலியை மாற்ற மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் இரண்டு முறை தேதி மாற்றினார்கள், ஒருமுறை வேறு தெருவுக்கு ஆளை அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்டு யாரும் எழுதவில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் ஒரு மின்னஞ்சல். பழைய அறிக்கையில் வாழ்க்கைமுறை என்ற வார்த்தை அப்படியேதான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி எழுதலாமா என்று எஸ்தரிடம் கேட்டேன். "விடுங்க" என்றாள்.

சுவர் காயக் கோடை முழுக்கப் பிடித்தது. ஜெனியின் இருமல் சித்திரை வாக்கில் நின்றது. இந்தக் குளிருக்கு மறுபடி வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் தும்மினால்கூட எழுந்துவிடுகிறேன்.

அந்த வரியைப் பற்றி அவளிடம் கேட்கவேண்டும் என்று மாதக்கணக்கில் நினைத்து, நேற்றுத்தான் கேட்டேன். கேக் வாங்கிவந்து மேசையில் வைத்திருந்தோம். எஸ்தர் மூன்று தட்டை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெனி மேசையின் மறுமுனையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அந்த லெட்டர்ல கடைசியில நீயா ஒரு வரி சேத்தியே, எதுக்கு?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் யோசிக்கவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை.

"அது இல்லாட்டி நீங்க ஏன் மூடுனீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதுல்லப்பா?"

"எங்கிட்டச் சொல்லாம எதுக்குப் போட்ட?"

"சொன்னா வேண்டாம்பீங்க."

அது சரிதான். எஸ்தர் தட்டை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இந்த வரி விவகாரமே தெரியாது.

ஜெனி பேனாவை மூடினாள். கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"அன்னைக்கு வந்த அந்த லேடிகிட்ட நான் பாதிதான் சொன்னேன்."